கூரை, உளி, ஊதுகுழல்: நம் ஊர்த் தொழிலாளரைப் புற்றுநோய்க் காரணிகளிலிருந்து காப்பது யாருடைய பொறுப்பு?

சாவகச்சேரி வாசகி:

எங்கள் வீட்டின் குசினியும் பின்விறாந்தையும் அஸ்பெஸ்ரஸ் சீற்றால் வேயப்பட்டவை. அவற்றைக் கழற்றிவிட்டு ஓடு போடத் தீர்மானித்து, ஊரில் கூரை வேலை எடுத்துச் செய்யும் ஒருவரிடம் விலை கேட்டோம். பழைய சீற்றுகளைச் சுத்தியலால் தட்டி உடைத்து விழுத்தினால் ஒரே பொழுதில் முடிந்துவிடும் என்றும், களஞ்சிய அறையின் மேல் விடப்போகும் சீற்றுகளின் ஓரத்தைக் கிரைண்டரால் வெட்டிச் சமப்படுத்தலாம் என்றும் அவர் சொன்னார். வேலைக்கு வரவிருக்கும் மூவரில் ஒருவருக்கு இருபது வயதுகூட ஆகியிராது. முகத்துக்கு என்ன கட்டுவார்கள் என்று கேட்டதற்கு, வேண்டுமானால் லேஞ்சியைக் கட்டிக்கொள்வார்கள் என்று பதில் வந்தது.

அஸ்பெஸ்ரஸ் தூசு புற்றுநோயை உண்டாக்கும் என்பது எனக்குத் தெரியும். நாட்கூலிக்கு வரும் இவர்களை அதிலிருந்து காக்க வேண்டியவர் கொந்தராத்துக்காரரா, அரசா, அல்லது காசு கொடுக்கும் நானா என்பதுதான் தெளிவில்லை. உடன்படிக்கையில் எவற்றை நிபந்தனையாக எழுதலாம் என்று விடயம் அறிந்தவர்கள் சொல்வீர்களாயின் உதவியாக இருக்கும்.

தொழிற்பாதுகாப்புப் பயிற்றுநர், திருநெல்வேலி:

கூரை உடைபடுவதற்கு முன்னர் கேட்டது நல்லது. சீற் உடையாமல் கிடக்கும்வரை அதிலுள்ள சீமெந்து இழைகளைப் பிடித்து வைத்திருக்கும். உடைக்கும்போதும், வெட்டும்போதும், துளையிடும்போதும், பாசி பிடித்த சீற்றைக் காய்ந்த தும்புத்தடியால் உரசும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கின்றன. சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் அஸ்பெஸ்ரஸின் எல்லா வகைகளையும், நம் கூரைகளில் உள்ள வெள்ளை வகையான கிரிசோட்டைல் உட்பட, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதிசெய்யப்பட்ட முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரல், குரல்வளை, சூலகம் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களும், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் இதனோடு தொடர்புடையவை. மீசோதீலியோமா வெளிப்பட இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை செல்லும். உங்கள் கூரையில் ஏறப்போகும் இளைஞரின் கணக்கு அவருடைய அறுபதாவது வயதில்தான் தீர்க்கப்படும் என்பதால், அன்றைக்கு அவருக்கு உடனே ஒன்றும் ஆகாது என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

நீல அஸ்பெஸ்ரஸ் இலங்கையில் 1987இலேயே தடைசெய்யப்பட்டது. வெள்ளை வகையையும் 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்தி 2024க்குள் முற்றாக நிறுத்தப்போவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், பொதியொன்றில் வண்டு காணப்பட்டது என்று காரணம் காட்டி, ரஷ்யா நம் தேயிலை இறக்குமதியை இடைநிறுத்தியது. சில நாட்களுக்குள் அஸ்பெஸ்ரஸ் கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. அப்போது நமக்கு அஸ்பெஸ்ரஸை அதிகம் அனுப்பிய நாடும் ரஷ்யாவே. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அரசின் பொறுப்பா என்று கேட்டீர்கள். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் நம்மிடம் உண்டு. தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவகம் 2009இன் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஆனால் ஒரு வீட்டு வளவுக்குள் ஓரிரு நாட்களில் நடந்து முடியும் வேலையைப் பார்க்க எந்தப் பரிசோதகரும் வந்துசேரப் போவதில்லை. ஆகவே நடைமுறையில், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவும் அதற்கான காசைக் கொடுக்கவும் கூடியவர் நீங்கள் மட்டுமே. பொறுப்பும் அங்கேதான் இருக்கிறது.

நிபந்தனைகளில் முதலாவது, கிரைண்டரும் சுத்தியலும் சீற்றைத் தொடக்கூடாது என்பது. களஞ்சிய அறையின் சீற் ஓரத்தை வெட்டாமல், புதிய ஓட்டின் விளிம்பை அதற்கேற்ப அமைக்கலாம். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைச் சிறிதளவு கலந்த நீரைச் சீற்றின் இரு பக்கமும் தெளித்து, ஈரமாக இருக்கும்போதே கொக்கி ஆணிகளைக் கழற்றி, முழுச் சீற்றாகக் கைமாற்றி இறக்க வேண்டும். கீழே தடித்த பொலித்தீன் விரித்திருக்க வேண்டும். விழுந்த துண்டுகளை ஈரத்துணியால் திரட்ட வேண்டுமேயன்றிக் கூட்டக்கூடாது. லேஞ்சியும் சத்திரசிகிச்சை முகக்கவசமும் இந்த இழைகளைத் தடுக்கா. நுண்தூசை வடிகட்டும் எஃப்எஃப்பி3 (FFP3) தரத்திலான கவசம் வேண்டும், அதுவும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும்; தாடி இருந்தால் பொருந்தாது.

ரொறன்ரோவாசி:

நான் கொக்குவிலில் பிறந்து இங்கே குடியேறியவன். கனடா ஒரு காலத்தில் கிரிசோட்டைலை உலகுக்கு ஏற்றுமதி செய்த நாடு. கியூபெக்கில் அஸ்பெஸ்ரஸ் என்றே பெயர் கொண்ட ஒரு நகரம் இருந்தது. 2020இல் அது தன் பெயரையே மாற்றிக்கொண்டது. 2018 இறுதியில் நாடளாவிய தடை நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியா 1999இலேயே தடைசெய்துவிட்டது.

இங்கே ஒரு பழைய வீட்டின் உட்கூரையைத் திருத்துவதென்றால் முதலில் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள், அஸ்பெஸ்ரஸ் இருந்தால் பயிற்சி பெற்றவர்கள் மூடிய உடையோடு வந்து அகற்றுவார்கள், வீட்டுக்காரர் அந்தச் செலவை முணுமுணுத்துக்கொண்டாவது கட்டுவார். அதே வீட்டுக்காரர் ஊரிலுள்ள தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, வாடகைக்கு விடும் பகுதிக்குச் சீற் போட்டால் போதும், ஓட்டுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எழும் கட்டடங்களில் எத்தனை வெளிநாட்டுக் காசில் எழுகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. காசு அனுப்புபவர்கள் பொருளையும் வேலைமுறையையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினால், எந்த வர்த்தமானிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நல்லூர் நடுநிலையான்:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். என் பெரியப்பா வாழ்நாள் முழுவதும் மேசன் வேலை செய்தார். அஸ்பெஸ்ரஸ் வெட்டினார், கல் பொளிந்தார், சுருட்டும் பிடித்தார், எண்பது தாண்டித்தான் காலமானார். நீங்கள் சொல்லும் முதலாம் பிரிவில் வெயில் இருக்கிறது, மதுபானம் இருக்கிறது, பதப்படுத்திய இறைச்சியும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அஞ்சினால் நாட்கூலிக்காரரின் அடுப்பு எரியாது. நிபந்தனைகளை அடுக்கும் வீட்டுக்காரரிடம் வேலைக்கு யார் வருவார்கள்? அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஓய்வுநிலைத் தாதி, மானிப்பாய்:

தம்பி, உங்கள் பெரியப்பா எண்பது வயது வரை இருந்தது மகிழ்ச்சிக்குரியது. அவரோடு சேர்ந்து அதே சாரத்தில் நின்று வேலை செய்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை உங்கள் வீட்டில் யாராவது குறித்து வைத்திருக்கிறார்களா? தப்பியவரைத்தான் நாம் நினைவில் வைத்துப் பேசுகிறோம்.

சுருட்டைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அஸ்பெஸ்ரஸ் காப்பிடும் தொழிலாளரிடையே செலிகொவும் அவருடைய கூட்டாளிகளும் செய்து 1979இல் வெளியிட்ட ஆய்வில், புகைக்காமல் அஸ்பெஸ்ரஸில் மட்டும் வேலை செய்தவருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகவும், புகைத்தல் மட்டும் இருந்தவருக்குப் பத்து மடங்களவாகவும், இரண்டும் சேர்ந்தவருக்கு ஐம்பது மடங்களவாகவும் காணப்பட்டது. ஐந்தும் பத்தும் கூடிப் பதினைந்தாகவில்லை, பெருகிவிட்டது. கூரை வேலைக்கு வருபவரிடம் சுருட்டையும் பீடியையும் விடச் சொல்வது அறிவுரை மாதிரித் தோன்றினாலும், அது அவருடைய பாதுகாப்புக் கருவிகளில் ஒன்று.

இன்னொன்று, உடை. 1965இல் இலண்டனில் வெளியான ஓர் ஆய்வில், மீசோதீலியோமா வந்தவர்களுள் அஸ்பெஸ்ரஸ் ஆலைக்குள் ஒருநாளும் கால் வைக்காத பெண்களும் இருந்தனர். கணவனோ சகோதரனோ அணிந்துவந்த வேலை உடுப்பை உதறித் தோய்த்ததே அவர்கள் செய்த வேலை. ஆகவே, வாசகி அக்கா, வேலை முடிந்ததும் அவர்கள் உங்கள் கிணற்றடியிலேயே உடுப்போடு நீரூற்றிக் குளித்து, மாற்றுடுப்போடு வீடு செல்ல ஏற்பாடு செய்யுங்கள். இது புதிய யோசனை என்று எண்ண வேண்டாம். புகைபோக்கி துடைப்பவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று 1775இல் பெர்சிவல் பொட் என்ற ஆங்கிலேய வைத்தியர் எழுதினார். மூன்று ஆண்டுகளில் டென்மார்க்கின் புகைபோக்கித் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்கள் தினமும் குளிக்க வேண்டும் என்று விதித்தது.

எனக்கு இதில் பெரிய மனக்குறை ஒன்றுண்டு. நோயாளியின் பதிவு அட்டையில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்ற ஒரே சொல்லைத்தான் நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன். என்ன கூலி, எந்தத் தூசு, எத்தனை ஆண்டுகள் என்று கேட்பாரில்லை, சொல்வாரும் இல்லை. தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்ட பின்னர் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமவுக்கு அலையும் துன்பம் நம் மக்களுக்குப் பெருமளவு குறைந்தது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் மூச்சோடு உள்ளே போனது எது என்பதை நோயாளியே சொன்னால்தான் எந்த வைத்தியருக்கும் தெரியும். ஒரு பழைய கொப்பியில் ஆண்டும் வேலையும் கையாண்ட பொருளும் எழுதி வைப்பதற்குச் செலவில்லை.

கோப்பாய் மரவேலை:

நான் தச்சுப் பட்டறை வைத்திருப்பவன். மரத்தூளும் இந்த முதலாம் பிரிவில் உண்டா? என்னிடம் வேலை செய்யும் பையன்கள் மாலையில் மூக்கைச் சிந்தினால் மண்ணிறமாகத்தான் வரும். முதிரை இழைக்கும் நாளில் கண்ணும் எரியும். முகக்கவசம் வாங்கிக் கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் கழுத்துக்கு இறங்கிவிடுகிறது. வியர்வையில் மூச்சு முட்டுகிறது என்கிறார்கள், நானும் அப்படித்தான் செய்கிறேன்.

தொழிற்பாதுகாப்புப் பயிற்றுநர், திருநெல்வேலி:

மரத்தூள் 1995 முதல் அந்தப் பிரிவில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் கதிரை மேசை செய்யும் தச்சர்களிடையே, மிக அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோய் வழமைக்கு மாறாக அதிகமாக இருப்பதை 1960களில் வைத்தியர்கள் கவனித்ததிலிருந்து இது வெளிவந்தது. வைரமான மரங்களின் நுண்தூளே கூடுதலாகச் சந்தேகிக்கப்படுகிறது.

நடுநிலையானுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். முதலாம் பிரிவு என்பது சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் குறிக்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது அளப்பதில்லை. பதப்படுத்திய இறைச்சியும் அஸ்பெஸ்ரஸும் ஒரே பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு தீங்கானவை ஆகிவிடா. எவ்வளவு, எத்தனை காலம், எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பவற்றைக் கொண்டே ஆபத்தைக் கணிக்க வேண்டும். கூலிக்காரருக்கு இவை எதுவும் அவருடைய தெரிவாக இருப்பதில்லை.

கவசம் கழுத்துக்கு இறங்குவதைப் பற்றி: அது பையன்களின் ஒழுங்கீனம் என்று நான் கருதவில்லை. ஏப்ரல் வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் எட்டு மணித்தியாலம் கவசத்தோடு நிற்க எவராலும் முடியாது. அதனால்தான் கவசத்தைக் கடைசி வரிசையில் வைக்கிறோம். சர்வதேச தொழில் அமைப்பின் 139ஆம் இலக்கச் சமவாயம், 1974இல் தொழில்சார் புற்றுநோய் பற்றியே எழுதப்பட்டது, முதலில் கேட்பது அந்தப் பொருளை வேறொன்றால் மாற்ற முடியுமா என்பதையே. முடியாதபோது அதற்கு ஆளாகும் தொழிலாளரின் எண்ணிக்கையையும் நேரத்தையும் அளவையும் மிகக் குறைக்கச் சொல்கிறது. பதிவேடு வைக்கவும், ஆபத்தைத் தொழிலாளருக்கு அறிவிக்கவும், வேலையை விட்ட பின்னரும் மருத்துவப் பரிசோதனை தொடரவும் சொல்கிறது. தாதி அம்மா சொன்ன கொப்பி அந்தப் பதிவேட்டின் ஏழை வடிவம். உங்களுக்கு மரத்தை மாற்ற முடியாது. தூள் பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்ச முடியும். இழைக்கும் இயந்திரத்தின் வாயில் ஒரு பிவிசி குழாயைப் பொருத்தி, ஊதுவிசிறியால் வெளியே ஒரு சாக்குக்குள் இழுங்கள். சாக்கு காற்றோட்டத்தின் கீழ்ப்பக்கம், குடியிருப்பை விட்டு விலகி இருக்கட்டும். கொம்பிரசர் காற்றால் உடுப்பையும் மேசையையும் ஊதித் துப்புரவாக்கும் வழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

இன்னும் ஒன்று. கறையானுக்காகத் தீராந்தியிலும் சலாகையிலும் கழிவு ஒயில் பூசுவது இங்கே பரவலாக உண்டு. இயந்திரத்தில் ஓடிய ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கும் கரிமச் சேர்மங்கள் சேர்ந்திருக்கும். வெறுங்கையால் துணியில் தோய்த்துப் பூசக்கூடாது.

கன்னாதிட்டிப் பட்டறை:

நகைத் தொழிலைப் பற்றி எவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் தலைமுறையாகப் பத்தர் வேலை செய்கிறது. கஸ்தூரியார் வீதிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் மின்னுபவற்றில் பல, பின்னாலுள்ள ஒழுங்கைகளில் வீட்டு முன்னறைகளில் செய்யப்படுபவை.

இரண்டு தங்கத் துண்டுகளைப் பொருத்த, அவற்றை ஒட்டவைக்கும் உலோகப் பொடி வைத்துச் சுவாலையை ஊதுவோம். முன்னைய பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருந்தபடியால், நகையை மீள உருக்கும்போது மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, குறையும். தொண்ணூற்றிரண்டு பங்கு தங்கத்தோடு எட்டுப் பங்கு காட்மியம் என்ற உலோகம் சேர்த்த பொடி வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. வாங்குபவர்கள் ‘கேடிஎம்’ நகை என்று பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கியதற்கு அதுவே காரணம். அந்தப் பெயருக்குள் இருப்பது காட்மியம் என்று தெரிந்து கேட்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

தங்கம் 1064 பாகை செல்சியஸில் உருகும். காட்மியம் 321 பாகையிலேயே உருகி 767 பாகையில் கொதித்துவிடும். ஆகையால் சுவாலை பட்டதும் பொடியிலுள்ள காட்மியத்தில் ஒரு பகுதி பழுப்புப் புகையாக எழுகிறது. பொடி ஓட உதவும் வெங்காரம் பளபளவென்று ஓடி, பொடி இடுக்குக்குள் இழுபடும் அந்தக் கணத்தைத் தவறவிடக்கூடாது என்பதால், முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். சுவாலை ஆடக்கூடாது என்பதற்காக விசிறியை நிறுத்துவோம், யன்னலையும் சாத்துவோம். புகை முழுவதும் எங்களுக்கே. அதே அறையில் பிள்ளைகள் பாடம் படிப்பார்கள், இரவில் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான்.

காட்மியம் 1993 முதல் முதலாம் பிரிவில் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய் ஒருபுறமிருக்க, உடலுக்குள் போனது சிறுநீரகத்தில் பல பத்தாண்டுகள் தங்கி அதைக் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசம்பர் முதல் நகையில் 0.01 சதவீதத்துக்கு மேல் காட்மியம் இருக்கக்கூடாது என்று விதித்திருக்கிறது. நகை அணிபவரையும் செய்பவரையும் சேர்த்தே அந்த விதி காக்கிறது.

துத்தநாகமும் இண்டியமும் சேர்ந்த காட்மியமற்ற பொடிக்கு நான் மாறியிருக்கிறேன். அது முன்னையதைப் போல இலகுவில் ஓடாது. சூடு பிடிக்கும் விதத்தைக் கை புதிதாகப் பழக வேண்டியிருந்தது, தொடக்கத்தில் சில நுண்வேலைகள் கருகின. சுவாலைக்குப் பின்புறமாக ஒரு சிறிய உறிஞ்சுவிசிறியைப் பொருத்தி, புகையை என் முகத்துக்கு எதிர்த்திசையில் மெதுவாக இழுத்து வெளியே விடுகிறேன். மெதுவாக இழுத்தால் சுவாலை ஆடாது. என் அனுபவத்தில் கடினமான பகுதி இவை இரண்டுமே அல்ல. கடைக்காரர் இன்னமும் ‘கேடிஎம்’ வேலைதான் வேண்டும் என்று கட்டளை தருவதுதான். வாங்குபவர் கேட்பதால் அவர் கேட்கிறார். திருமணத்துக்கு நகை செய்யக் கொடுப்பவர்கள், காட்மியமில்லாத பொடியில் செய்து தாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால், எத்தனையோ முன்னறைகளில் புகை நின்றுவிடும்.

கராஜ் தம்பி, சுன்னாகம்:

அண்ணாமாரிடம் ஒரு கேள்வி. நாங்கள் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்களைப் பெற்றோலில்தான் கழுவுகிறோம், வெறுங்கையால். அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

தொழிற்பாதுகாப்புப் பயிற்றுநர், திருநெல்வேலி:

வரும். பெற்றோலில் பென்சீன் இருக்கிறது. அது இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். ஆவியை மூச்சோடு உள்ளிழுப்பதே பெரிய வழி, தோலினூடாகவும் ஓரளவு செல்லும். மண்ணெண்ணெயில் பென்சீன் மிகக் குறைவு. சவர்க்காரத்தை அடிப்படையாகக் கொண்ட கொழுப்பு நீக்கிகள் அதைவிட மேலானவை. எதைப் பயன்படுத்தினாலும் வெளிவாசலில், எண்ணெய் ஊடுருவாத கையுறையோடு கழுவுங்கள். குழாயில் வாய் வைத்துப் பெற்றோல் உறிஞ்சுவதைக் கட்டாயம் கைவிடுங்கள். தூசுக்கான கவசம் ஆவியைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பிறேக் கட்டைகளின் தூசைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள், பழையவற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும்.

சாவகச்சேரி வாசகி:

எல்லோருக்கும் நன்றி. கொந்தராத்துக்காரரோடு மீண்டும் பேசினோம். ஈரமாக்கி முழுச் சீற்றாக இறக்குவதென்றால் கூடுதலாக ஒரு நாள் கூலி வேண்டும் என்றார்; ஒப்புக்கொண்டோம். நடுநிலையான் அஞ்சியதுபோல் அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடவில்லை, ஒரு நாள் கூலி கூடுவதில் அவர்களுக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை. கவசம் நாங்கள் வாங்குகிறோம். வெயில் ஏறினால் எவரும் அதை அணியமாட்டார்கள் என்பதால் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணியோடு நிறுத்துவதென்று முடிவாயிற்று. கிணற்றடியில் குளிப்பதற்கும் மாற்றுடுப்புக்கும் சம்மதித்தார்கள்.

இரண்டு சிக்கல்கள் மிஞ்சியுள்ளன. கொக்கி ஆணிகள் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கின்றன. பக்கத்து வளவுக்காரர், உடையாத சீற்றுகளை ஆட்டுக்கொட்டிலுக்குத் தரும்படி கேட்கிறார்.

தொழிற்பாதுகாப்புப் பயிற்றுநர், திருநெல்வேலி:

ஆணிகளுக்கு முதல் நாள் மாலையில் எண்ணெய் விட்டு வையுங்கள். அப்படியும் கழலாதவற்றை நீண்ட கைப்பிடியுள்ள கம்பி வெட்டும் குறட்டால் சீற்றுக்கு மேலே வெட்டலாம். அந்த இடத்திலும் கிரைண்டர் வேண்டாம்.

பக்கத்து வளவுக்காரருக்குக் கொடுக்க வேண்டாம். அவர் அளவுக்கு வெட்டுவார், புதிய துளை போடுவார், அவருடைய பிள்ளைகள் அங்கே நிற்பார்கள். நீங்கள் காசு கொடுத்துத் தவிர்த்த தூசு வேலிக்கு அப்பால் எழும். சீற்றுகளை ஈரமாகவே இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். பொறுப்பெடுக்கும் இடத்தைக் கேட்டுப் பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் கடிதம் கொடுத்து, பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் வரும்வரை பொதியை வளவின் ஒரு மூலையில் நிழலில் வைத்திருக்கலாம். ஒழுங்கையின் பள்ளத்தை நிரப்புவதற்கென்று எவராவது உழவு இயந்திரத்தோடு வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள்.